பெயரை மறைத்துக் காத்த எழுத்து



பட்டம் பெறும் மாணவ மாணவியரே, இன்று உங்கள் பெயர்கள் இந்த மேடையில் வாசிக்கப்படுகின்றன. தங்கள் பெயரை அச்சில் பார்க்கவே அஞ்ச வேண்டியிருந்த பெண்களைப் பற்றி இந்த நல்ல நாளில் பேச விரும்புகிறேன்.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் ராஜாத்தி என்ற சிறுமியின் பள்ளிப் படிப்பு, பருவமடைந்ததோடு நின்றது. மணமான பின் அவர் கவிதை எழுதுவதைப் புகுந்த வீடு ஏற்கவில்லை. இரவில் ஒளிந்து எழுதினார். அந்தத் தாள்களைத் தாயார் மறைத்து வெளியே அனுப்பிவைத்தார். அச்சில் வந்த பெயர் சல்மா. 2000-இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் வென்றார்; 2025-இல் மாநிலங்களவைக்குச் சென்றார். அந்தப் புனைபெயர் இல்லையென்றால் இந்தக் குரலை நாம் இழந்திருப்போம்.

ஏன் இப்படிப் பெயரை மறைக்க வேண்டும்? ஆண் எழுதினால் கற்பனை என்கிறார்கள். பெண் எழுதினால் அவளுடைய சொந்தக் கதை என்று துருவுகிறார்கள். இங்கிலாந்தில் 1846-இல் பிராண்டே சகோதரிகள் மூவரும் கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற பெயர்களில் கவிதை வெளியிட்டார்கள். பெண் எழுத்தாளர்களை உலகம் ஒருதலையாகவே எடைபோடும் என்று அஞ்சியதே காரணம் என மூவரில் ஒருவரான சார்லட் பின்னாளில் எழுதினார்.

ஆனால் பெயரை மறைக்காமல் எழுதியவர்களும் உண்டு. இந்தக் கல்லூரி இருக்கும் குத்தாலத்துக்குப் பக்கத்திலேயே மூவலூர் இருக்கிறது. தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார், அந்த முறையைத் தோலுரிக்கும் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ நாவலை 1936-இல் சொந்தப் பெயரில், ஊர்ப் பெயரையும் சேர்த்து வெளியிட்டார். அரசுப் பள்ளியில் படித்து இங்கே வந்த மாணவியரே, ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதந்தோறும் நீங்கள் பெற்ற 1,000 ரூபாய் அந்த அம்மையாரின் பெயரால் வந்தது.

ஆகவே மாணவியரே, எழுதுங்கள். எந்தப் பெயரில் எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மாணவர்களே, நாளை உங்கள் தங்கையோ மனைவியோ மகளோ எழுதியதைக் காட்டினால், “யாரைப் பற்றி எழுதியிருக்கிறாய்?” என்று விசாரிக்காதீர்கள்; எழுத்தைப் படித்து, எழுத்தைப் பற்றிப் பேசுங்கள். ஆசிரியராகப் போகிறவர்கள் வகுப்பிலும் இதையே செய்யுங்கள்.

புனைபெயர் ஒருத்தியின் விருப்பமாக இருக்கட்டும். அச்சத்தால் அதைச் சூடும் நிலை உங்கள் தலைமுறையோடு முடியட்டும். பட்டம் பெற்ற அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.