‘வளரும் கலைஞர்’ என்றால் யார்?

(ஆயக்குடியில் தை மாதம் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடியற்காலையில் கொய்யா மார்க்கெட்டில் கூடை தூக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். "சென்னையில நடக்கிற பாட்டுக் கச்சேரியப் பத்தி நமக்கு என்னப்பா?" என்று வாசலில் ஒரு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த உரை.

என் முனைவர் பட்ட ஆய்வு இசை மேடைகளைப் பற்றியது. அதற்காகச் சில ஆண்டுகளாக மார்கழி மாதத்தில் சென்னை சபாக்களில் போய் உட்காருகிறேன். அங்கே பாட்டைவிட முதலில் என் கண்ணில் பட்டது கால அட்டவணை. நண்பகலிலும் பிற்பகல் இரண்டு மணி வாக்கிலும் ‘வளரும் கலைஞர்கள்’ பாடுவார்கள். பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இருக்காது, கூட்டமும் இருக்காது. நாலு மணிக்கு அவர்களுக்கு ஒரு படி மேலே இருப்பவர்கள். ஆறு, ஆறரை மணிக்கு மேல் வித்வான்கள், விதுஷிகள். டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும். பகல் இரண்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிக்கு வந்து சேர ஒருவருக்குப் பத்து வருடமும் ஆகும், இருபது வருடமும் ஆகும்.

பார்ப்பதற்கு நல்ல ஏற்பாடு. இளையவர் கீழ்ப்படியில், மூத்தவர் மேல்படியில். உழைத்தால் ஏறலாம். ஆனால் என் கேள்வி, முதல் படியில் கால் வைக்கிறவர் யார்? பகல் இரண்டு மணிக்கு அந்த மேடையில் உட்காரவே ஐந்து வயதில் பாட்டு வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். சொல்லித்தர ஒரு குரு வேண்டும். குரு இருக்கும் தெருவில் வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டும். பதினைந்து வருடம் சம்பாத்தியம் இல்லாமல் சாதகம் செய்ய வீட்டில் வசதி வேண்டும். சபா செயலாளரிடம் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ‘வளரும்’ என்ற சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. ஆயக்குடி காலனியில் பிறந்த பிள்ளைக்கு இதில் எத்தனை கிடைக்கும்?

ஒரு நாள் ஒரு சபாவின் கேண்டீனில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் அன்பாகத்தான் பேசினார். "எந்த ஊர்? யாரிடம் பாட்டு? ஆத்துல யாராவது பாடுவாளா?" என்று கேட்டார். மூன்றாவது கேள்வியில் நான் திணறியதும் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. அதன்பிறகும் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் வேறு விதமான மரியாதை. இந்த வித்தியாசம் இங்கே இருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த மேடை எப்போது வந்தது? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. டிசம்பர் சீசன் அங்கிருந்து வளர்ந்தது. அதாவது இதற்கு வயது நூறுகூட ஆகவில்லை. ஆயிரம் வருட மரபு என்று சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதினைந்து வருடம் முன்பே இசை மாநாடு கூட்டிய ஒருவர் இருந்தார். ஆபிரகாம் பண்டிதர். அவருக்கும் நம் மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு. திண்டுக்கல்லில்தான் ஆசிரியர் பயிற்சி பெற்றார். அங்கேதான் சடையாண்டிப் பத்தரிடம் இசை கற்றார். பிறகு தஞ்சாவூர் போய் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, தம் சொந்தச் செலவில் வித்வான்களைக் கூட்டி மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் மகள்களோடு போய்க் கலந்துகொண்டார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். சித்த மருத்துவம் பார்த்த, நாடார் குடும்பத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவர் இவ்வளவையும் செய்தார். சீசனின் கதையை 1927இல் தொடங்கிச் சொன்னால் இவர் பெயர் வராது. கதை எங்கே தொடங்குகிறது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்தது, நமக்கு இன்னும் பக்கத்துக் கதை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பழநியில் 1908இல் பிறந்தவர் பழநி சுப்பிரமணிய பிள்ளை. மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர், பழநி சுப்பிரமணிய பிள்ளை, இராமநாதபுரம் முருகபூபதி என்று மூவரைச் சேர்த்துச் சொல்வார்கள். நம்மவர் இடதுகைக்காரர். வலந்தலை அவையைப் பார்த்து இருக்க வேண்டுமென்றால் அவர் மேடையில் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். அப்போது வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கு எல்லோரும் இணங்கவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் துணைக்கு நின்றதால் அவருக்கு மேடை கிடைத்தது. செம்பை ஒரு பிராமணர். அவர் செய்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. இதில் நான் கற்றது ஒன்று: ஒரு கலைஞனின் கைக்காக மேடையின் அமைப்பையே மாற்றலாம். மனம் இருந்தால் ‘சம்பிரதாயம்’ ஒரு மாலைப் பொழுதில் இடம் மாறி உட்காரும்.

பழநி 1962இல் இறந்துபோனார். சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்கக் கலைஞருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது 1966இல், மணி ஐயருக்கு. பழநியின் சீடர் திருச்சி சங்கரனுக்கு 2011இல் கிடைத்தது. ஒரு பெண்ணுக்கு முதலில் கிடைத்தது 1968இல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. நாதசுரச் சக்கரவர்த்தி என்று நாடே கொண்டாடிய டி.என். இராஜரத்தினம் பிள்ளைக்குக் கிடைக்கவே இல்லை. அதே நாதசுரத்துக்காக 1956இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும் 1998இல் ஷேக் சின்ன மௌலானாவுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கதவு முழுக்க மூடியிருந்தது என்று நான் சொல்லவில்லை. யாருக்கு, எவ்வளவு தாமதமாக, எவ்வளவு அகலத்தில் திறந்தது என்பதே என் கேள்வி.

மேடைக்கு வெளியேயும் சண்டை நடந்தது. கானாடுகாத்தான் திருமண ஊர்வலத்தில், தோளில் துண்டு போட்டுக்கொண்டு நாதசுரம் வாசித்த மதுரை சிவக்கொழுந்திடம் துண்டை எடுக்கச் சொன்னபோது, "எடுக்காதே" என்று பக்கத்தில் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. சுயமரியாதை இயக்கம் இசைக் கலைஞர்களுக்குக் கொடுத்தது முதலில் ஒரு துண்டு. 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. தெலுங்குக் கீர்த்தனை மட்டுமே பாட்டு என்றிருந்த மேடையில் தமிழுக்கு இடம் கேட்டுப் பெற்றது. பெரிய வெற்றி அது. ஆனால் மொழி மாறியது, மேடையில் உட்காரும் சாதிகள் பெரிதாக மாறவில்லை. தமிழ் இசை என்றபோதும் பறை அதற்குள் வரவில்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு இதுதான். மேலே இருப்பவரோடு சண்டை போடுகிறவர், தனக்குக் கீழே ஒருவர் இருப்பதை மறந்துவிடுகிறார்.

கீழே இருப்பவர் யார் என்று பார்க்க மிருதங்கத்தையே திருப்பிப் பாருங்கள். கட்டை பலாமரம். மூட்டுக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும், இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத் தோல். தோலைப் பார்த்து வாங்கி, ஊறவைத்து, மயிர் நீக்கி, மூட்டுப் பிடித்து, சுருதி சேர்த்துத் தருகிற குடும்பங்களில் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் மேடைக்கு வரலாம், தோலின் கதை அரங்குக்கு வரக்கூடாது!

அதே கிருஷ்ணாவுக்கு 2024 மார்ச்சில் சங்கீத கலாநிதி அறிவித்தபோது, பெரியாரைக் கொண்டாடுகிறவர் தலைமை வகிக்கும் மாநாட்டில் பாட மாட்டோம் என்று சில கலைஞர்கள் விலகினார்கள். தொலைக்காட்சி, பத்திரிகை எல்லாம் பேசின. நானும் கிருஷ்ணா பக்கம் நின்றேன், இன்றும் நிற்கிறேன். ஆனால் ஒரு வாரம் எல்லாவற்றையும் படித்து முடித்தபோது ஒன்று உறுத்தியது. விருது வாங்குகிறவர், எதிர்க்கிறவர், கொடுக்கிறவர் எல்லோரும் அந்த வீட்டுக்குள் இருப்பவர்கள். சண்டை நம்மைப் பற்றியது, சண்டையில் நாம் இல்லை.

நாம் எங்கே இருந்தோம்? என் தாத்தா இந்த ஊரில் பறை வாசித்தவர். பாருங்கள், ‘வாசித்தவர்’ என்று சொல்ல நான் பல்கலைக்கழகம் போக வேண்டியிருந்தது. ஊரில் அவர் ‘அடிக்கிறவர்’. இரண்டும் தோல், இரண்டிலும் படுவது கை. மிருதங்கம் என்றால் வாசிப்பு, பறை என்றால் அடி. அங்கே சன்மானம், இங்கே கூலி. அங்கே பட்டியலில் பெயர், இங்கே "ஏலேய்". சாவு விழுந்தால் காய்ச்சலில் படுத்திருந்தாலும் எழுந்து போக வேண்டும். அப்பா அதனால்தான் அந்தக் கருவியைத் தொடவே இல்லை. தொடாமல் இருந்ததுதான் அவர் செய்த போராட்டம்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. கானாவும் ஒப்பாரியும் பறையும் அதே மார்கழியில், அதே சென்னையில் மேடை ஏறின. மதுரை மாவட்டத்துப் பறை ஆசான் வேலு அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இந்த உற்சாகத்தில் என் தம்பியிடம், "நீயும் கத்துக்கடா, மேடை இருக்கு" என்றேன். அவன் சொன்னது இது: "நீ மெட்ராஸ்ல நின்னு அடிச்சா அது கலை. நான் இங்க ஒருக்கா கையில எடுத்தா, அடுத்த சாவுக்கு வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அப்ப நீ வருவியா?"

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டேன். பறையை விட்டுவிட்ட அப்பாவும் சரி, மேடையில் எடுக்கிற தோழர்களும் சரி. இரண்டையும் சரியாக்குகிற ஊரை உண்டாக்குவதுதான் நம் வேலை. அதற்கு மூன்று காரியங்களை முன்வைக்கிறேன். விவாதித்து மாற்றுங்கள்.

முதலாவது, யாருக்கும் எந்தக் கருவியும் பிறப்பால் வந்த வேலை கிடையாது. சாவுக்குப் பறை கேட்டு எவர் வாசலுக்கு வந்தாலும் "முடியாது" என்று சொல்ல எல்லாத் தெருவும் சேர்ந்து நிற்க வேண்டும். வாசிக்க விரும்புகிறவர் வாசிக்கட்டும். முன்கூட்டிப் பேசிய பணம், உட்கார நாற்காலி, பெயர் சொல்லி அழைப்பு, இவை இல்லாமல் வாசிக்கக் கூடாது. ஒருவர் மட்டும் சொன்னால் ஊர் அவரை நசுக்கும். நூறு வீடு சொன்னால் நசுக்க முடியாது.

இரண்டாவது, நம் பிள்ளைகளுக்கு வயலினும் வேண்டும், வாய்ப்பாட்டும் வேண்டும். கர்நாடக இசை யாருடைய வீட்டுச் சொத்தும் இல்லை. அரசு இசைக் கல்லூரி மதுரையில் இருக்கிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் தொடங்கிய காலத்திலிருந்து சொல்லித்தந்த ஏழு பாடங்கள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம். இதில் பறை இல்லை. எட்டாவதாகப் பறையைச் சேர்த்து, அதை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று கேட்போம். எல்லோரும் படித்தால்தான் என் தம்பியின் பயம் தீரும். பறை எடுத்தவன் எந்தத் தெரு என்று கேட்க முடியாத நாள் வர வேண்டும்.

மூன்றாவது, சபாக்களிடம் ஒரு சிறிய கோரிக்கை. கச்சேரிப் பட்டியலில் பாடகர், வயலின், மிருதங்கம் என்று பெயர் போடுகிறீர்கள். அதற்குக் கீழே, மிருதங்கம் செய்தவர் இன்னார் என்று ஒரு வரி போடுங்கள். அச்சுக்கூலி கூடாது. அந்த ஒரு வரியைப் போட முடியாதவர்கள் கலைக்குச் சாதியில்லை என்று மேடையில் பேச வேண்டாம்.

வாசலில் கேட்ட மாமாவுக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஒட்டன்சத்திரம் சாலையில் இந்த மாதம் பாதயாத்திரைக் கூட்டம் நம் ஊரைத் தாண்டித்தான் பழநிக்குப் போகிறது. இரவெல்லாம் மேளச் சத்தம் கேட்கிறோம். இசை இல்லாத ஊர் இல்லை இது. ஆனால் என் தாத்தா சாகும்வரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கவில்லை, ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லிக் கை தட்டவில்லை. நமக்கு அதனால்தான் இந்தப் பேச்சு, மாமா.

அடுத்த மார்கழியில் இதே திடலில் ஒரு மாலை நடத்துவோம். பகல் இரண்டு மணிக்கு ஒரு சாதி, ஆறு மணிக்கு ஒரு சாதி என்று இருக்காது. யார் முதலில், யார் கடைசி என்று சீட்டுக் குலுக்கி எடுப்போம். வயலின் கற்கும் பிள்ளை வரட்டும், நாதசுரக்காரர் வரட்டும், பறை எடுக்க மனமுள்ளவர் எந்தத் தெருவிலிருந்தும் வரட்டும். என் தம்பி வாசிப்பானா என்று தெரியாது. வாசிக்காவிட்டாலும் முன்வரிசையில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்போம்.

ஜெய்பீம்.