இக்னைட்டர் ஏன் அடிக்கடி போகிறது?

அமெரிக்காவில் வெர்மான்ட் போன்ற குளிர் மாநிலங்களில், மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்புகள் உண்டு. தீக்குச்சி வேண்டாம். இக்னைட்டர் என்கிற சின்னக் கம்பி பழுக்கக் காய்ந்து, தன்னைக் கடக்கும் காற்றைச் சூடாக்கும். அந்தக் காற்றுதான் பற்றவைக்கும்.

அது போனால் புதிதாக ஒன்று மாட்டுவார்கள். கொஞ்ச நாளில் அதுவும் போகும். பாவம், அதன்மேல் குற்றமில்லை! பெல்லட் எரியும் கிண்ணத்தின் துளைகளைச் சாம்பல் அடைத்தால் காற்று ஓடாது. சூடு வெளியேற வழியின்றிக் கம்பியே கருகிவிடும். பெல்லட் ஈரமென்றால் பற்றத் தாமதம், அதுவரை கம்பி காய்ந்தபடியே இருக்கும். தெர்மோஸ்டாட் ஓயாமல் அணைத்து ஏற்றினாலும் ஆயுள் குறையும்.

இக்னைட்டர் போய்விட்டதா என்று அறிய, மின்சாரத்தைத் துண்டித்து, இணைப்பைக் கழற்றி, மீட்டரில் மின்தடையைப் பாருங்கள். 120 வோல்ட், 300 வாட் இக்னைட்டர் சுமார் 48 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. புதியதை மாட்டுமுன் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.