மனதுக்கும் வைத்தியம் உண்டு



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறீர்கள். மனதுக்குக் காய்ச்சல் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

2020 மார்ச் 25. கொரோனா நோய் பரவாமல் தடுக்க நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கல்லூரிகள் அதற்குச் சில நாள் முன்பே மூடப்பட்டன. விடுதிப் பிள்ளைகள் பெட்டியோடு வீடு திரும்பினார்கள். சில வாரம்தான் என்று நினைத்தார்கள். ஆனால் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வகுப்பறைகள் முழுமையாகத் திறக்க 2022 பிப்ரவரி ஆகிவிட்டது.

பாடம் செல்போனில் நடந்தது. பல வீடுகளில் ஒரே போன். சில ஊர்களில் சிக்னலே இல்லை. கடைசி ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வு உண்டா, இல்லையா என்பதே பல மாதம் தெரியவில்லை. தேர்வு இல்லாமல் பட்டம் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகுதான் தெளிவு வந்தது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்குக் கூலி இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறாள். இரவில் தூங்குவதில்லை. சோறு அப்படியே இருக்கிறது.

"சோம்பேறி" என்கிறார் அப்பா. "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்கிறாள் அத்தை.

ஊர் நர்சம்மா வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்:

"ராத்திரி தூங்கினியா கண்ணு?"

அவள் அழுகிறாள். "எல்லோருக்கும் பாரமா இருக்கேன் அக்கா. செத்துடலாம்னு தோணுது."

நர்சம்மா திட்டவில்லை. புத்தி சொல்லவில்லை. முழுவதும் கேட்கிறார். அன்று முதல் அம்மா மகளைத் தனியே விடவில்லை. பக்கத்திலேயே படுத்தாள். மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். மருத்துவர் பேசினார், மருந்தும் கொடுத்தார். மெல்ல மெல்ல மகள் தேறினாள்.

இது பேய் அல்ல, சோம்பலும் அல்ல. இது மனச்சோர்வு. மருத்துவத்தால் குணமாகும்.

கொரோனா ஊரடங்கு முடிந்துவிட்டது. ஆனால் படிப்பு, கடன், வேலை என்ற கவலைகள் இன்றும் பிள்ளைகளுக்கு உண்டு. ஆகவே கவனியுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லையா? பசி இல்லையா? யாரோடும் பேசுவதில்லையா? கேளுங்கள். "சாகத் தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பாரம்தான் இறங்கும்.

உதவிக்கு ஒரு போன் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ். எண் 14416. பணம் வேண்டாம். இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

நீங்கள் எழுதக் கற்றவர்கள். இந்த எண்ணை இப்போதே எழுதுங்கள். 1, 4, 4, 1, 6. வீட்டுச் சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். உங்கள் கையெழுத்து ஓர் உயிரைக் காக்கலாம்.