எடுத்து வளர்த்தல்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நயினாதீவில் பிறந்தவனுக்கு மணிமேகலையைப் பற்றிப் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணிபல்லவம் எங்கள் தீவுதான் என்பது ஊரவர் துணிபு. ஆராய்ச்சியாளர் எல்லோரும் அதை ஒப்பவில்லை. அந்த வழக்கை இன்று நான் தீர்க்கப் போவதுமில்லை. நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர் வைத்திருக்கும் ஊர் அது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அமுதசுரபி என்றதும் நினைவுக்கு வருபவள் மணிமேகலை. அவளுக்கு முன் அதைக் கையில் ஏந்திய ஆபுத்திரனை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. பிறந்த உடனேயே தாய் விட்டுச் சென்ற குழந்தை அவன். ஒரு பசு ஏழு நாள் பால் சொரிந்து காத்தது. பிறகு இளம்பூதி என்ற அந்தணன் எடுத்து வளர்த்தான். வளர்ந்த பிள்ளை, வேள்விக்கென்று கட்டியிருந்த பசுவொன்றை இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு போனான். பிடிபட்டான், அடிபட்டான், வளர்த்தவனும் கைவிட்டான். கடைசியில், ஏறிவந்த கப்பல் அவனை மணிபல்லவத்தில் தனியே விட்டுப் போய்விட, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான். மறுபிறப்பிலும் பசுவின் வயிற்றில் பிறந்து, சாவக நாட்டு அரசனிடம் வளர்ப்புப் பிள்ளையாகத்தான் போய்ச் சேர்கிறான்.

இவ்வளவையும் விரித்துச் சொல்லும் சாத்தனார், அவிழ்க்கப்பட்ட பசுவைக் காட்டுக்குள் ஓடவிட்டு அப்பால் போய்விடுகிறார். அந்தப் பசுவுக்கு ஓடுவதற்குக் காடு இருந்தது. கூட்டிலிருந்து மீட்கப்படும் ஒரு சின்ன நாய்க்கு எந்தக் காடு இருக்கிறது? கட்டு அவிழ்த்தபின் தொடங்குகிற அந்த வேலையைப் பற்றியே இன்று பேச நினைக்கிறேன்.

லண்டனில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோதுதான் இதை நான் அருகிலிருந்து பார்த்தேன். கோழிப் பண்ணை நமக்குத் தெரியும். நாய்ப் பண்ணை என்று ஒன்று இருப்பதை அங்கேதான் விளங்கிக்கொண்டேன். பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். ஒரு பருவத்தையும் வீணாக்காமல் சினைப்படுத்தி, குட்டிகளை வேளைக்கே பிரித்து விற்று, மறுபடியும் சினைப்படுத்துவார்கள். குட்டிகள் கடைகளிலும் தரகர்களிடமும் அழகாகத் துடைக்கப்பட்டு நிற்கும். வாங்குகிறவர் தாயைக் காண்பதில்லை. தாய் கூட்டிலேயே கிடக்கும், ஈன முடியாமற் போகும் வரைக்கும்.

2013இல் வேல்ஸ் நாட்டுப் பண்ணையொன்றிலிருந்து அப்படி மீட்கப்பட்ட நாய்தான் லூசி. கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் என்ற சின்னச் சாதி. நெருக்கமான கூட்டில் கிடந்து கிடந்து முதுகெலும்பு வளைந்து, இடுப்பு மூட்டுகள் ஒட்டிப்போயிருந்தன. லீசா கார்னர் என்ற பெண்மணி எடுத்து வளர்த்தார். 2016 டிசம்பரில் லூசி இறந்துவிட்டது. மார்க் ஏபிரகாம் என்ற மிருக வைத்தியர் அதன் பெயரைச் சொல்லியே இயக்கம் நடத்தினார். 2020 ஏப்ரல் 6ஆம் திகதி இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தை லூசியின் சட்டம் என்றே சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியைத் தரகர் விற்கக்கூடாது. வளர்த்தவரிடம் தாயோடு பார்த்து வாங்கவேண்டும், அல்லது காப்பகத்திலிருந்து எடுக்கவேண்டும். இந்தியாவிலும் 2017இல் விதிகள் வந்தன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கலாகாது என்பது அவற்றில் ஒன்று. நம் நாட்டிலோ மிருகவதைத் தடைக்கென்று 1907இல் இயற்றிய சட்டத்தை நூறு ஆண்டுக்கு மேலாக வைத்துக்கொண்டிருந்தோம். அதில் விதித்த தண்டம் நூறு ரூபா.

மகள் வீட்டுக்கு வந்ததும் லூசியின் சாதிதான். ஆறேழு வயதிருக்கும் என்று வைத்தியர் பல்லைப் பார்த்துச் சொன்னார். பல்லும் பாதிதான் இருந்தது. பெயர் கிடையாது. எங்களூரில் பாதி நாய்களுக்கு மணி என்றுதான் பெயர். நானும் அப்படியே கூப்பிட்டேன்; அது நிலைத்துவிட்டது.

முதற் பத்து நாளும் மணி கதிரைக்குப் பின்னால் இருந்த மூலையை விட்டு வரவில்லை. குரைக்கவுமில்லை. நாய் இருந்தும் குரைப்புக் கேளாத வீடு எனக்கு ஒருவிதப் பயத்தைத் தந்தது. புல்லில் விட்டால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்; மண்ணை மிதித்தறியாத கால். மாடிப்படி என்றால் என்னவென்று அதற்கு விளங்கவில்லை. அறை முழுதும் வெறுமையாக இருந்தாலும் கூட்டின் அளவுக்குள்ளேதான் சுற்றிச் சுற்றி வரும். யாரும் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது. விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் மேலே போனபிறகுதான் கோப்பையில் நாக்குப் படுகிற சத்தம் கேட்கும்.

மீட்ட நிறுவனத்தார் வழிமுறைகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கண்ணை நேரே பார்க்காதீர்கள். மேலே குனிந்து தடவாதீர்கள். தரையில் பக்கவாட்டாக இருந்து உங்கள் வேலையைப் பாருங்கள்; அது வருகிறபோது வரட்டும். வெளியே கொண்டுபோனால் கழுத்தில் ஒன்று, மார்பில் ஒன்று என இரண்டு வார் போடுங்கள். பயந்து ஓடினால் இத்தகைய நாய் வீடு தேடித் திரும்பாது. வீடு என்று ஒன்று அதன் மனத்தில் இன்னும் உண்டாகவில்லை.

நான் தரையில் இருந்து பத்திரிகை படித்தேன். எழுபது வயதில் தரையில் இருப்பது சுலபம், எழும்புவதுதான் கஷ்டம். மூன்றாவது கிழமை, என் சாரத்தின் ஓரத்தில் ஈரமாக ஒரு மூக்குப் பட்டது. நான் பக்கத்தைப் புரட்டாமல் ஒரே செய்தியை நாலு தடவை படித்தேன்.

எங்கள் தீவில் நாயை யாரும் விலைக்கு வாங்கி நான் கண்டதில்லை. நாய் தானாக வந்து சேரும், படலையடியில் கிடக்கும், மிச்சச் சோற்றுக்கு உரித்தாளியாகிவிடும். ஆகவே நாய்ப் பண்ணை வெள்ளைக்காரனின் பாவம் என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாமா? கடுவன் குட்டிகளுக்கு வீடு கிடைக்கும். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டுபோய்ச் சந்தைப் பக்கமோ கோயில் வாசலிலோ விட்டுவருவது நமக்குத் தெரியாத காரியமல்ல. அங்கே பெட்டை என்பதற்காக அடைத்து வைக்கிறார்கள். இங்கே பெட்டை என்பதற்காக எறிந்துவிடுகிறோம். வைரவரின் வாகனம் என்று கும்பிடுவதும் அதே கைகள்தான். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்று ஒரு சரணாலயம் அமைத்திருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

மகள் மணியை எடுத்தது நிரந்தரமாக அல்ல. பயம் தெளியும் வரை வைத்திருந்து, தகுந்த வீடு அமைந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்குத் தமிழில் சொல் தேட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. செவிலித்தாய். சங்க அகப்பாடல்களில் பெற்ற தாய்க்கு இல்லாத அலைச்சல் செவிலிக்கு உண்டு. வளர்த்த பெண் ஒருவனோடு போய்விட, பாலை வழியில் தேடிப் போகிறவள் அவள். கலித்தொகையில் அவள் எதிர்ப்பட்ட அந்தணர்கள், மலையில் விளையும் சந்தனத்தையும் கடலில் விளையும் முத்தையும் காட்டித் தேற்றுகிறார்கள்: அவை பிறந்த இடத்துக்கு உரியனவல்ல, அணிபவர்க்கே உரியன என்று. அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தணர்களின் நியாயம் எனக்குச் சரியாகவே பட்டிருக்கிறது.

ஐந்தாம் மாதம் ஒரு தம்பதியர் வந்தார்கள். வயதானவர்கள், அமைதியானவர்கள், பின்வளவில் நல்ல தோட்டம் உள்ளவர்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர்கள் போனபின் மகள் சொன்னாள்:

"அப்பா, இதுக்கு இன்னொருக்கா வீடு மாறச் சொல்லி எப்பிடிச் சொல்லுறது?"

நான் அந்தணர் பக்கம் நின்று வாதாடினேன். நீ இதை வைத்துக்கொண்டால், கூட்டிலிருந்து வரவேண்டிய அடுத்த நாய்க்கு இடம் இல்லையே என்றேன். நிறுவனத்தாரும் அதையே சொல்கிறவர்கள். வளர்த்துக் கொடுக்க எடுத்து, கொடுக்க மனமின்றித் தாமே வைத்துக்கொள்பவர்களைத் 'தோற்றவர்கள்' என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மகள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாததன் காரணம் எனக்குத் தெரியும்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் ஓரிரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. தீவைவிட்டு முன்னரே பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த நாங்களும் நடந்தோம். சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு மாதம். அந்த வீட்டார் மிக நல்லவர்கள். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. இருந்தும் ஏழு வயதுப் பிள்ளை, அவர்கள் குசினியை விட்டுப் போனபிறகுதான் கோப்பையைத் தொடுவாள். அப்படிச் செய் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மறுநாள் கையெழுத்து வைத்தாள். தம்பதியருக்கு அதே பண்ணையிலிருந்து வந்த வேறொரு நாய் கிடைத்தது என்று பிறகு அறிந்தேன்.

நான் ஊர் திரும்பி எட்டு மாதமாகிறது. போன கிழமை தொலைபேசியில் பேசும்போது, இன்னொன்று வந்திருக்கிறது என்றாள். இதைக் கட்டாயம் கொடுத்துவிடுவாளாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். புதியதும் மூலையை விட்டு வரவில்லையாம். ஆனால் மணி அதற்கு முன்னால் கோப்பையை வைத்துக்கொண்டு பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கச் சாப்பிடுகிறதாம். பிறகு படியேறி, நடுப்படியில் நின்று, ஒருக்கால் குரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறதாம்.