புதுப் பங்கு யார் கைக்கு?



நம் ஓரிக்கையில் தறி போடுகிறவர்களுக்குப் பங்கு என்பது புதிய சொல் அல்ல. பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஓர் ஓட்டுதான். கம்பெனியில் பங்குக்கு ஓர் ஓட்டு. இன்றைய கருத்தரங்கின் விவாதம் முளைப்பது அந்த வேறுபாட்டில்தான்.

மோரில் தண்ணீர் விட்டால் குவளைகள் கூடும், புளிப்பு குறையும். புதுப் பங்குகள் வெளியிடும்போது பழைய பங்குதாரருக்கு வரும் அச்சம் அதுதான். அதைவிட அஞ்ச வேண்டியது வேறொன்று என்பது என் கருத்து. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் கதையைப் பாருங்கள். 1990-களில் எஸ்ஸார் குழுமம் பழைய பங்குதாரர்களிடமிருந்தே வாங்கிச் சேர்த்து, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கையில் வைத்துக்கொண்டது. பங்கு சிறிதும் நீர்க்கவில்லை. ஆனால் வங்கியே கைமாற இருந்தது. நாடார் சமூகத்தார் ஆண்டுக்கணக்கில் போராடி, தொழிலதிபர் சிவசங்கரன் வழியாக வந்த பங்குகளில் ஒரு பகுதியை விலை கொடுத்து மீட்டார்கள். அதே வங்கி 2022 செப்டம்பரில் சுமார் 1.58 கோடிப் புதுப் பங்குகளை 510 ரூபாய்க்கு வெளியிட்டது. பழைய பங்குதாரரின் நூறு விழுக்காடு தொண்ணூறானது. ஆனால் அந்தப் பங்குகள் பலர் கைக்குப் பிரிந்து போயின. வங்கியின் பிடி எவரிடமும் சிக்கவில்லை.

கனடாவின் கஞ்சா நிறுவனமான கனோப்பி குரோத்தில் பங்கு நீர்த்தலும் பிடி கைமாறுவதும் சேர்ந்தே நேர்ந்தன. 2018-இல் மதுபான நிறுவனமான கான்ஸ்டலேஷன் சுமார் 500 கோடி கனடிய டாலர் போட்டது. அத்தனைக்கும் புதுப் பங்குகள் ஒரே கைக்குப் போயின. கான்ஸ்டலேஷனின் உடைமை 38 விழுக்காடாயிற்று. இயக்குநர் குழுவின் ஏழு இடங்களில் நான்கு அதன் நியமனத்துக்கு வந்தன. மறு ஆண்டு ஜூலையில் நிறுவனர்களில் ஒருவரான புரூஸ் லின்டன் நீக்கப்பட்டார். பங்கு விலை சரிந்து, 2023 டிசம்பரில் பத்துப் பங்குகளை ஒன்றாகச் சுருக்க வேண்டி வந்தது.

நம் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் புதுப் பங்கை முதலில் பழைய பங்குதாரருக்கே தரச் சொல்கிறது. பிறருக்குத் தர வேண்டுமானால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அந்தத் தீர்மான அறிவிப்பைச் சிறு முதலீட்டாளர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அது ஆங்கிலத்தில் வருகிறது, கடினமான நடையில் வருகிறது.

விதியை எல்லாரும் படிக்க எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கியது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அதை ஊரார் படிக்கும்படி கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள்.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு பங்கு வெளியீட்டிலும் எத்தனை விழுக்காடு நீர்த்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். புதுப் பங்கு யார் கைக்குப் போனது, அதற்கு ஓட்டளித்தவர் யார் என்பதையும் தமிழில் எழுதுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.