நட்டக் கணக்கு



மணியடித்துக்கொண்டே சென்னை மாநகரின் வீதிகளில் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஓடி மறைந்த வண்டியின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

1895ஆம் ஆண்டு மே திங்கள் 7ஆம் நாள், இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னையில் ஓடிற்று. கல்கத்தா 1902 வரை காத்துக் கிடந்தது; பம்பாய் 1907 வரை! தொடக்கத்தில் தலைக்கு மேல் கம்பி இல்லை. தரைக்கடியில் பள்ளம் அமைத்து, அதனுள்ளே மின்சாரத்தைச் செலுத்தினர் சீமைப் பொறியாளர்கள். வந்தது மழை, நிறைந்தது பள்ளம், நின்றது வண்டி! ஐப்பசி மழையைக் கேட்டறியாத அறிவாளிகள், அதன் பின்னரே கம்பம் நட்டுக் கம்பி கட்டினர்.

பாரிமுனை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ராயபுரம் என ஊர்கள் ஒன்றோடொன்று கைகோத்தன. குதிரை வண்டிக்கு வழியற்ற குமாஸ்தா ஏறினான், கூலியாள் ஏறினான், மாணவன் ஏறினான். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த சூட்டோடு, டிராம் தொழிலாளரும் சங்கம் கண்டனர்.

பின்னர் கம்பெனி நட்டக் கணக்கை நீட்டிற்று. 1953 ஏப்ரல் 12இல் சென்னை டிராமின் கதை முடிந்தது. ஆட்சியில் ஆச்சாரியார்! 1947 முதலே பேருந்து நடத்தி வந்த அரசுக்கு, டிராமையும் ஏற்று நடத்தும் துணிவு இல்லாமற் போனதேன்?

அதே ஆண்டு ஜூலையில் கல்கத்தாவைப் பாருங்கள்! வெள்ளைக்காரக் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. ஒரே ஒரு பைசா! நகரமே திரண்டது, தடியடி கண்டது, சிறை கண்டது, பழைய கட்டணம் மீண்டது. 1967இல் அந்த டிராம் நிர்வாகத்தை மேற்கு வங்க அரசே கையிலெடுத்தது. இங்கே தண்டவாளம் போயிற்று. அங்கே வண்டி மக்களிடம் வந்தது.

1972இல், கழக ஆட்சியில், பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 2021இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, பழைய கம்பெனிக் கணக்கையே சிலர் தூசி தட்டி எடுத்தனர். “நட்டம், நட்டம்” என்றனர்.

யாருக்கு நட்டம்? டிக்கெட் பணத்தை மிச்சப்படுத்தி வீடு திரும்பும் வேலைக்காரப் பெண்ணுக்கா? அடுத்த முறை தேநீர்க் கடையில் எவரேனும் அச்சொல்லை உச்சரித்தால், எழுந்து போய்விடாதீர்கள். அருகே அமருங்கள், 1953ஐச் சொல்லுங்கள், அவர் வீட்டுப் பெண்கள் எந்த வண்டியில் வேலைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள்.