களைத்த கையும் மட்டையின் குறியும்

(சங்கத்தின் விளையாட்டுப் பிரிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கண்களை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். எளிதாகத் தொட்டுவிடுவீர்கள். முழங்கை எவ்வளவு மடங்கியது, தோள் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கண் பார்த்துச் சொல்லவில்லை. அதனைச் சொல்வது மூட்டுநிலை உணர்வு. இத்தகைய அகவுணர்வுக்கு 1906 ஆம் ஆண்டில் தனிப்பெயர் இட்டவர் சார்ள்ஸ் செரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர்.

இவ்வுணர்வு மூட்டுக்குள்ளேயே பிறக்கிறதென்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1972 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிற்று. முழங்கையை மடக்கும் தசையின் நாணை அதிரச் செய்தபோது, கை உண்மையில் இருந்த நிலை வேறு, அதற்குரியவர் உணர்ந்த நிலை வேறாக இருந்தது. தசைநார்களுக்கு இடையே கதிர் வடிவில் கிடக்கும் நுண்ணுறுப்புகளே முதன்மையான தூதர் என்பது தெளிவாயிற்று. தூது தசையிலிருந்து வருவதானால், தசை களைக்கும்போது தூது பிசகாதா? பிசகத்தான் செய்கிறது. தோட்டசைகளை இயந்திரத்தில் களைக்கவைத்துச் சோதித்த ஆய்வொன்று 1996 இல் வெளிவந்தது. களைத்தபின் தோளின் நிலையை மீட்டுக் காட்டுவதில் பிழை கூடியது. பழகிய கைக்கும் இதில் சலுகை கிடைக்கவில்லை.

மட்டை பிடிப்பவருக்கு இது சிறிய விஷயமன்று. தோளிலிருந்து ரெனிஸ் மட்டையின் நுனி வரை ஏறக்குறைய 120 சதமமீற்றர். தோளில் ஒரு பாகை பிசகினால் நுனி 2 சதமமீற்றர் விலகும். மூன்று பாகையானால் 6. பந்து செல்லும் திசையில் ஒரு பாகை மாறினாலோ, 23.77 மீற்றர் நீளமான களத்தின் மறுமுனையில் 40 சதமமீற்றருக்கு மேல் விலகிவிடும். கோட்டுக்குள் விழவேண்டிய பந்து வெளியே விழ இது போதும். நாமோ, "கவனமில்லாமல் ஆடுகிறான்" என்று பையனை ஏசுகிறோம்! பெரியோர்கள் மன்னிக்கவேண்டும்; அவன் கவனம் களத்தில்தான் இருக்கிறது, கைதான் பொய் சொல்கிறது.

2010 இல் விம்பிள்டனில் ஜோன் இஸ்னரும் நிக்கலா மஹூவும் மூன்று நாட்களாக 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். கடைசிச் சுற்று 70–68. வென்ற இஸ்னர் மறுநாளே அடுத்த ஆட்டத்தை 6–0, 6–3, 6–2 என்று இழந்தார். இதற்கு மூட்டுநிலை உணர்வு ஒன்றே காரணமென்று நான் சாதிக்கவில்லை. கால்கள் உட்பட உடல் முழுவதுமே ஓய்ந்திருந்தது.

களைப்பினால் உணர்வு ஏன் பிசகுகிறது என்பதில் ஆய்வாளரிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. தளர்ந்த தசையால் கையைத் தூக்கிவைக்க அதிக முயற்சி வேண்டியிருப்பதால் மூளையின் கணக்குத் தவறுகிறது என்பது ஒரு சாரார் கருத்து. வேறொன்றும் அறியத்தக்கது. 'சேவ்' அடித்தபின் விரைந்து செல்லும் கையைத் தடுத்து நிறுத்தும் தசைகள், நீண்டுகொண்டே வேலை செய்கின்றன. அவ்வகை வேலை மிகுந்தால் பிழை சில நாட்கள்வரைகூட நீடிக்கலாம்.

ஆகையால் நுட்பமான அடிகளைப் பயிற்சியின் தொடக்கத்தில், கை புதிதாக இருக்கும்போதே பழகுங்கள். தோளின் பின்புறத் தசைகளுக்கு வலுவேற்றும் பயிற்சியைக் கைவிடாதீர்கள். பயிற்சி முடிந்ததும் ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். நண்பர் அவருடைய ஒரு கையைக் குறித்த உயரத்தில் நிறுத்தி, மறு கையையும் அதே உயரத்துக்கு உயர்த்தச் சொல்லட்டும். இதையே பயிற்சிக்கு முன்னும் செய்து, இரண்டு தடவையும் வந்த வித்தியாசத்தை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் குறித்து வையுங்கள்.